உடைந்த வீட்டின் கற்களை எறியாதீர்கள்

பல வருடங்களின் பின் காணிக்குத் திரும்பியபோது நீங்கள் கண்டது அநேகமாக இதுதான்: கூரை இல்லை, கதவும் நிலையும் இல்லை, யன்னல் கம்பி கூட இல்லை. கழற்றிக்கொண்டு போகக்கூடியது எல்லாம் போய்விட்டது. எஞ்சியிருப்பது கல். பற்றைக்குள் மறைந்த அத்திவாரம், பாதி சரிந்த சுவர், இரண்டாக வெடித்த வாசற்படி, உள்ளே இடிந்து விழுந்த கிணற்றுக்கட்டு.

"ஒரு டோசரைப் பிடித்து எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் புதிதாகச் சீமெந்துக் கல்லால் கட்டினால் என்ன?" என்று நீங்கள் நினைப்பதில் பிழையில்லை. உடைந்ததைப் பார்த்துக்கொண்டிருக்கவே மனம் வராது. ஆனால் அந்தக் கற்கள் உங்கள் பணம். வீட்டுத்திட்ட உதவி கிடைத்தாலும், கல்லும் கிறவலும் மணலும் ஏற்றி இறக்கும் கூலியிலேயே அதில் பெரிய பங்கு கரைந்துவிடும். மடுவிலிருந்து உள்ளே பாலம்பிட்டி, இரணை இலுப்பைக்குளம் பக்கம் போகப் போக ஏற்றுகூலியும் ஏறும். வளவுக்குள் கிடக்கும் நல்ல கல்லுக்கு ஏற்றுகூலி இல்லை.

கல்லில் கை வைப்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதில் முதலாவது, கை வைக்காமல் இருப்பது.

இடிபாட்டைக் கிளறுவதற்கு முன்

உங்கள் கிராமம் மீள்குடியேற்றத்துக்கு விடப்பட்டிருக்கிறது என்றால் மிதிவெடி அகற்றும் பணி அங்கே நடந்திருக்கிறது என்று பொருள். அப்படியிருந்தும் இடிந்த சுவரின் அடியிலும், கிணற்றுக்குள்ளும், வளவில் வெட்டியிருந்த பதுங்குகுழிக்குள்ளும் வெடிக்காத எறிகணையோ கைக்குண்டோ கிடக்க வாய்ப்புண்டு. மேலே புல் முளைத்து, மழைக்கு மண் மூடி, கல்லோடு கல்லாகத் துருப்பிடித்து அது கிடக்கும். ஆகவே கற்குவியலை அலவாங்கால் குத்திப் புரட்டாதீர்கள். மேலிருந்து ஒவ்வொரு கல்லாக, அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தபின் எடுங்கள். சிறுவர்களைக் கல் பொறுக்க விடாதீர்கள். பற்றையைத் தீ வைத்து எரித்துத் துப்புரவாக்கும் பழக்கம் எமக்கு உண்டு. இந்த ஒருமுறை அது வேண்டாம். அடியில் கிடப்பது சூட்டுக்கு வெடிக்கும்.

சந்தேகமான பொருள் எதையும் கண்டால் தொடாமல், அதன் மேல் எதையும் எறியாமல், வந்த வழியாலேயே திரும்பி நடவுங்கள். இடத்தை மற்றவருக்குத் தெரியும்படி தூரத்தில் ஓர் அடையாளம் வையுங்கள். கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அருகில் வேலை செய்யும் மிதிவெடி அகற்றும் குழுவுக்கோ அறிவியுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119.

வெடிபொருள் இல்லை என்று தெரிந்தபின்னும் ஒரு காரியம் பாக்கி. சேத மதிப்பீட்டுக்கு உத்தியோகத்தர்கள் வந்து போகும்வரை அத்திவாரத்தைப் பிரிக்காதீர்கள். நான்கு பக்கமிருந்தும் படம் எடுத்து வையுங்கள். கைத்தொலைபேசிப் படம் போதும். இடப்பெயர்வில் காணி உத்தரவுப் பத்திரத்தைத் தொலைத்தவர்கள் பலர். அவர்களுக்கு அந்த அத்திவாரமும் கிணறும் பழைய பலாமரமும் "நாங்கள் இங்கேதான் இருந்தோம்" என்று காட்டும் சாட்சி. எல்லைக்கல் சரிந்து கிடந்தாலும் நீங்களே தூக்கி நிறுத்த வேண்டாம். கிராம அலுவலரும் பக்கத்துக் காணிக்காரரும் நிற்கும்போது நிறுத்துங்கள்.

பக்கத்து வளவில் இன்னும் ஒருவரும் வந்து சேரவில்லை, கல் சும்மா கிடக்கிறது என்றால்? அது அவர்களுடைய கல். 1990 இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் இருக்கிறார்கள், இந்தியாவுக்குப் படகேறிப் போனவர்கள் இருக்கிறார்கள், 2012 வரை செட்டிகுளம் முகாம்களில் இருந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் ஒருநாள் உங்களைப் போலவே வந்து அந்த இடத்தில் நின்று பார்ப்பார்கள். கிராம மட்டத்தில் இதைப்பற்றி முன்கூட்டியே கூடிப் பேசி வைத்தால் பின்னால் சண்டை வராது.

மாந்தை, திருக்கேதீச்சரம் பக்கத்தில் குடியேறுபவர்களுக்கு மட்டும் ஒரு சொல். அது பழைய துறைமுக நகரம் இருந்த நிலம். அத்திவாரம் வெட்டும்போது எழுத்துப் பொறித்த கல்லோ செதுக்கிய தூணோ வந்தால் அதை உடைத்துச் சுவருக்குள் வைக்காதீர்கள். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அதை அறிவிக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் சொன்னால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

உங்கள் கல் எந்தக் கல்?

மன்னார் மாவட்டத்தில் வீட்டுக் கல் பெரும்பாலும் இரண்டு வகை. தீவிலும் கரையோரத்திலும், அதாவது தலைமன்னார், பேசாலை, வங்காலை போன்ற இடங்களில், பழைய சுவர்களும் மதில்களும் முருகைக்கல்லாலும் சுண்ணக்கல்லாலும் ஆனவை. உற்றுப் பார்த்தால் கல்லில் சிறு துளைகளும் சிப்பித் துண்டுகளும் தெரியும். பாரம் குறைவு, வெட்ட இலகு, தண்ணீரை உறிஞ்சும். மடு போன்ற உட்பகுதிகளில் கிடைப்பது கருங்கல். பாரம் கூட, உளி மழுங்கும், தண்ணீரை உறிஞ்சாது. இந்த இரண்டையும் ஒரே மாதிரித் திருத்த முடியாது.

எந்தக் கல்லானாலும் நல்லதையும் கெட்டதையும் பிரிக்க ஒரே சோதனைதான். கல்லை நிலத்திலிருந்து கொஞ்சம் தூக்கி வைத்துச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். கணீர் என்று கேட்டால் உள்ளே வெடிப்பு இல்லை. டொக் என்று அடைத்த சத்தம் வந்தால், வெளியே தெரியாத வெடிப்பு உள்ளே ஓடுகிறது. எறிகணை விழுந்த சுவரில் இப்படிப்பட்ட கற்கள் நிறைய இருக்கும். முருகைக்கல் ஈரமாக இருந்தால் நல்ல கல்லும் டொக் என்றுதான் சொல்லும். இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிட்டுத் தட்டிப் பாருங்கள்.

தீப்பிடித்த வீட்டுக் கல்லில் கூடிய கவனம் வேண்டும். கூரையும் மரமும் எரிந்து உள்ளே விழும்போது சுவரின் உட்பக்கம் கடுமையாகச் சூடேறும். சூடு பட்ட சுண்ணக்கல் முதலில் இளஞ்சிவப்பாகும்; இன்னும் சூடேறினால் சாம்பல் நிறமாகி, விரலால் சுரண்டினால் மாவாக உதிரும். அந்த இடத்தில் கல் சுண்ணாம்பாகவே மாறத் தொடங்கிவிட்டது. கருங்கல்லிலும் உள்ளே பளிங்கு மணிகள் இருக்கின்றன. 573 பாகை சென்றிகிரேட்டில் அவை திடீரென விரிந்து கல்லை உள்ளிருந்தே வெடிக்க வைக்கும். நிறம் மாறிய கற்களைத் தனியாகக் குவியுங்கள். அவை முற்றத்து நிரப்பலுக்கும் மலசலகூடக் குழியின் அடிக்கும் உதவும். கூரைப் பாரம் தாங்கும் சுவருக்கு உதவாது.

கல் போதாமல் போனால் கடலுக்குப் போய் முருகைக்கல் எடுத்து வரலாம் என்று நினைக்க வேண்டாம். 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1988 ஆம் ஆண்டுத் திருத்தமும் கரையோர வலயத்தில் முருகைக்கல் எடுப்பதையும் ஏற்றுவதையும் சூளையில் சுடுவதையும் தடை செய்கின்றன. முருகைப் பார் உடைந்தால் மீனும் போகும், கரையும் போகும் என்பதை மீனவக் குடும்பங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. உங்கள் பழைய வீட்டுக் கல்லையே வேறு காணிக்கு ஏற்றுவதானால், அது இடிந்த வீட்டுக் கல் என்று கிராம அலுவலரிடம் ஒரு கடிதம் வாங்கி லொறியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீமெந்தா, சுண்ணாம்பா?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருக்க முடியும் என்றால் இதை வைத்திருங்கள்: முருகைக்கல் சுவரை வெறும் சீமெந்துக் கலவையால் திருத்தாதீர்கள்.

மேசன் இதற்கு இலேசில் சம்மதிக்க மாட்டார். "சுண்ணாம்பு எதுக்கு அக்கா, சீமெந்து போட்டா இரும்பு மாதிரி நிக்கும்" என்பார். இரும்பு மாதிரி நிற்பதுதான் பிரச்சினை. முருகைக்கல் மென்மையானது, நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். கரையோரத்தில் அந்த ஈரத்தோடு உப்பும் வரும். இடுக்கில் சுண்ணாம்புச் சாந்து இருந்தால் ஈரம் அதன் வழியே வெளியேறும். உப்பு சாந்தில் பூக்கும். சில வருடங்களில் சாந்து உதிரும், சுரண்டிவிட்டுப் புதிதாக அடைக்கலாம். இடுக்கைச் சீமெந்து அடைத்துவிட்டால் ஈரத்துக்கு வழி இல்லை. அது கல்லின் வழியே போகும். உப்பு கல்லுக்குள் பூத்துக் கல்லைத் தோல் தோலாக உரிக்கும். பத்து மழை கழிந்து பார்த்தால் சீமெந்துக் கோடுகள் வலைபோல நிற்க, நடுவில் கல் குழி விழுந்திருக்கும்.

போர்த்துக்கேயர் மன்னார்க் கோட்டையைக் கட்டியது 1560 இல். 1658 இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்துப் பின்னர் திருத்திக் கட்டினார்கள். போர்ட்லண்ட் சீமெந்துக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெறப்பட்டது 1824 இல்தான். கடற்காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும் அந்தச் சுவர்களைப் பிடித்திருப்பது சுண்ணாம்பு. மேசன் அண்ணை நம்பாவிட்டால் பாலத்தால் வரும்போது ஒருமுறை இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹாட்வெயார் கடையில் பையில் விற்கும் நீறிய சுண்ணாம்பை வாங்குங்கள். நீறாத கட்டிச் சுண்ணாம்பு வாங்கினால் தண்ணீர் பட்டதும் அது கொதிக்கும். வீட்டில் சிறுவர் இருந்தால் அந்த வேலையே வேண்டாம். பைச் சுண்ணாம்பை முதல் நாளே ஒரு பீப்பாயில் தண்ணீரில் ஊறவிட்டால் மறுநாள் களியாக இருக்கும். அதிக நாள் ஊறினால் இன்னும் நல்லது. 1 பங்கு களிக்கு 3 பங்கு அரித்த மணல். தண்ணீர் கூட ஊற்றாமல் மண்வெட்டியால் திரும்பத் திரும்ப மிதித்துக் குழைக்க வேண்டும். பழைய மேசன்மார் பனங்கட்டித் தண்ணீரும் கடுக்காய் ஊறிய தண்ணீரும் சேர்த்தார்கள். கிடைத்தால் சேருங்கள், கிடைக்காவிட்டால் கவலை இல்லை. சுண்ணாம்பு தோலை அரிக்கும், கண்ணைக் கெடுக்கும். கைக்கு உறை போடுங்கள். கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரால் நீண்ட நேரம் கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

கடற்கரை மணல் வேண்டாம். அதில் உப்பு இருக்கிறது. ஆற்று மணல்தான் வேண்டும், அதற்கும் அனுமதியுள்ளவரிடமே வாங்குங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் சாந்து குழைத்தாலும் அதே உப்புத்தான் வந்து சேரும். குடிக்க முடியாத தண்ணீர் சாந்துக்கும் ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். அதுதான் அதன் குறை. ஒக்டோபரில் மாரி தொடங்குவதற்குள் வேலை முடியாது என்று தெரிந்தால் 1 பங்கு சீமெந்து, 2 பங்கு சுண்ணாம்பு, 9 பங்கு மணல் என்று கலக்கலாம். இது இரண்டுக்கும் நடுவழி. கருங்கல்லுக்கு இந்தக் கவலை இல்லை. 1 பங்கு சீமெந்துக்கு 5 அல்லது 6 பங்கு மணல் போதும்.

சுவரைத் திருத்தும்போது

முதலில் நூலில் ஒரு தூக்குக்குண்டைக் கட்டி நிற்கும் சுவரின் மேலிருந்து விடுங்கள். மேலுக்கும் அடிக்கும் இடையில் 2 அங்குலத்துக்கு மேல் சரிவு இருந்தால் அதன் பக்கத்தில் படுக்கவோ சமைக்கவோ வேண்டாம். எமது கள உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள். அதைப் பிரித்துத்தான் கட்ட வேண்டும்.

நேராக நிற்கும் சுவரில் பழைய சாந்தை இரண்டு அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, தூசியைத் தட்டி, தண்ணீர் தெளித்துக் கல்லை நனையுங்கள். காய்ந்த முருகைக்கல் சாந்தின் ஈரத்தை உடனே குடித்துவிடும். சாந்து இறுகாமல் பொடியாகும். விழுந்த கற்களைத் திரும்ப வைக்கும்போது தட்டையாகக் கிடந்தது தட்டையாகவே கிடக்கட்டும்; பார்க்க அழகாக இருக்கிறது என்று பலகைபோல நிறுத்தினால் மழைக்கு ஏடு ஏடாகக் கழரும். இடையிடையே சுவரின் உள்முகத்தையும் வெளிமுகத்தையும் சேர்த்துப் பிடிக்கும் நீளக் கல் ஒன்று வர வேண்டும். கட்டியபின் ஈரச் சாக்கால் மூடி ஒரு கிழமையாவது காலையும் மாலையும் நனையுங்கள். கூரைப் பாரம் ஏற்ற ஒரு மாதமாவது பொறுங்கள்.

கற்களைத் தரம் பிரிப்பது, பழைய சாந்தைத் தட்டுவது, மணல் அரிப்பது, நனைப்பது எல்லாம் வீட்டார் செய்யலாம். ஆண்துணை இல்லாத குடும்பங்கள் நாலைந்து வீடு சேர்ந்து சிரமதானமாகச் செய்தால் மேசனுக்குக் கொடுக்கும் நாட்கூலி நன்றாகக் குறையும். மூலை கட்டுவதற்கும் வாசல், யன்னல் மேற்பகுதிக்கும் மட்டும் கட்டாயம் மேசன் வேண்டும்.

முருங்கன் பக்கத்துக் கருங்களி நிலத்தில் வீடு இருப்பவர்கள் ஒன்றை அறிந்திருப்பார்கள்: கோடையில் நிலம் கை போகும் அளவுக்கு வெடிக்கும், மாரியில் ஊதும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்குக் களிமண் போனது இந்த நிலத்திலிருந்துதான். அந்த நிலத்தில் நிற்கும் கல் அத்திவாரம் வருடா வருடம் ஏறி இறங்குகிறது. வெடிப்பை எத்தனை முறை அடைத்தாலும் திறக்கும். அடைப்பதற்கு முன் வெடிப்பின் குறுக்கே மெல்லிய சாந்துப் பட்டை ஒன்றை இழுத்துத் தேதியைக் கீறி விடுங்கள். ஒரு மாரியும் ஒரு கோடையும் கழிந்தும் பட்டை உடையவில்லை என்றால் வெடிப்பு பழையது, அடைக்கலாம். உடைந்தால் வேலை சுவரில் இல்லை, நிலத்தில். கூரைத் தண்ணீர் அத்திவாரத்தடியில் விழாமல் வழி விடுங்கள். சுவரோடு நிற்கும் வேம்பு, வாழை போன்றவற்றை அடுத்த முறை தள்ளி நடுங்கள்.

கிணறு, படி, அம்மி

கிணற்றுக்குள் நீங்களாக இறங்காதீர்கள். வெடிபொருள் ஒரு காரணம். நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றில் மூச்சுவிடக் காற்று இல்லாமல் போவது இன்னொன்று. இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டினால் அதன் புகையே ஆளைக் கொல்லும். கிணறு துப்புரவாக்கும் குழு வந்து போனபின் கட்டைத் திருத்தலாம். மேலிருந்து 3 மீற்றர் வரைக்கும் இடுக்கெல்லாம் சாந்தால் அடையுங்கள். மேற்பரப்பின் அழுக்குத் தண்ணீர் உள்ளே போகாது. அதற்குக் கீழே அடைக்காமல் விடுங்கள். அடைத்தால் மாரியில் பின்னாலிருந்து ஊற்றுத் தண்ணீர் தள்ளிக் கட்டு உள்ளே விழும். நல்ல நோக்கத்தோடு முழுக்கப் பூசிய கிணறுகள் இப்படித்தான் கெடுகின்றன.

இரண்டாக வெடித்த வாசற்படியைக் கம்பி வைத்து ஒட்டலாமா என்றால், சாதாரண இரும்புக் கம்பி வேண்டாம். கடற்காற்றில் துருப்பிடித்து வீங்கி, ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி வெடிக்க வைக்கும். பித்தளைக் கம்பியோ துருப்பிடிக்காத உருக்குக் கம்பியோ வைத்து இப்பொக்சிப் பசையால் ஒட்டினால் நிற்கும், ஆனால் செலவு. எங்கள் அபிப்பிராயம்: ஒட்ட வேண்டாம். படியைத் தூக்கி, அடியில் கிறவலை நன்றாக இடித்து இறுக்கி, சாந்து பரப்பி, இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து இடுக்கைச் சாந்தால் நிரப்புங்கள். படி வெடித்ததே அடியில் மண் இறங்கியதால் இருக்கலாம்.

அம்மியும் ஆட்டுக்கல்லும் தூக்க முடியாததால் விட்டுப்போனவை. அதனாலேயே சில வீடுகளில் அவை மட்டும் இன்னும் இருக்கின்றன. மேலே தேய்ந்தோ சிறிது சிதறியோ இருந்தால் கல் பொளிபவரிடம் பொளிவித்து, இரண்டு மூன்று முறை தவிடோ அரிசியோ போட்டு அரைத்துக் கொட்டியபின் சமையலுக்கு எடுக்கலாம். நடுவால் வெடித்திருந்தால் சீமெந்தாலும் பசையாலும் ஒட்டி அதில் அரைக்காதீர்கள். ஒட்டியது உதிர்ந்து சாப்பாட்டில் சேரும். உடைந்த பாதியைக் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும் கல்லாகப் போடலாம்.